அம்மாவுக்குக் கேன்சர்: சின்னப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வீட்டில் ஒருவருக்குப் பெரிய நோய் என்றால், பிள்ளைகளிடம் முதலில் சொல்லப்படுவது ஒரு பொய்தான். அப்பாவுக்கு என்றால் ‘கடலுக்குப் போயிருக்கார்’, அம்மாவுக்கு என்றால் ‘ஊருக்குப் போயிருக்கா’. கடற்கரைப் பிள்ளைக்கு இந்தப் பொய் ரொம்பக் கெடுதல். கடலுக்குப் போனவர் எப்போது கரைக்கு வருவார் என்று அதற்கு ஐந்து வயதிலேயே தெரியும். படகு கரையில் நிற்கிறது, அப்பாவைக் காணோம் என்றால், மூழ்கிவிட்டார் என்றோ இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது என்றோ தானாகவே முடிவுகட்டிக்கொள்ளும். அதனால் நோய் உறுதியாகி, என்ன சிகிச்சை என்று தெரிந்ததும் ஓரிரு நாளில் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டுத் திண்ணையில் யாரோ பேசுவதைக் கேட்டு அது தெரிந்துகொள்ளக் கூடாது.

அம்மாவோ அப்பாவோ சொல்வதுதான் நல்லது. முடியாவிட்டால், பிள்ளை ஒட்டிக்கொண்டு திரியும் அப்பத்தாவோ அம்மாச்சியோ சொல்லலாம். படுக்கப்போகும் நேரம் வேண்டாம். பள்ளி விட்டு வந்து சாப்பிட்டபின் ஐந்து நிமிடம் போதும். நோயின் பெயரையே சொல்லுங்கள். வெறுமனே ‘உடம்பு சரியில்ல’ என்றால், நாளைக்குத் தனக்குச் சளி பிடித்தாலும் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயப்படும்.

‘அம்மாவுக்கு மார்புல ஒரு கட்டி இருக்கு. அதுக்குப் பேரு கேன்சர். நீ சேட்டை பண்ணதால வரல. அம்மாவைக் கட்டிப்பிடிச்சாலோ, ஒரே தட்டுல சாப்பிட்டாலோ உனக்கு ஒட்டாது. டாக்டர் மருந்து குடுக்கப் போறாங்க.’ இவ்வளவுதான். நடுவில் உள்ள ‘நீ பண்ணதால வரல’, ‘உனக்கு ஒட்டாது’ என்ற இரண்டையும் விட்டுவிடாதீர்கள். மூன்று முதல் ஏழு வயதுக்குள் உள்ள பிள்ளை, தான் கோபத்தில் நினைத்ததால்தான் அம்மாவுக்கு இப்படி ஆயிற்று என்று நம்பும். வாய்விட்டுச் சொல்லாது. அதனால் வாரக்கணக்கில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

பிள்ளை உடனே கேட்பது பெரும்பாலும் ‘எனக்கு யாரு சடை பின்னுவா?’ என்பதாக இருக்கும். அதைக் கல்நெஞ்சம் என்று எண்ணிவிடாதீர்கள். தன் நாள் எப்படிப் போகும் என்பதுதான் அந்த வயதின் கவலை. அதற்கு உறுதியான பதில் வேண்டும். கீமோ என்கிற கேன்சர் மருந்து பலருக்கு 21 நாளுக்கு ஒரு தடவை. சுவர்க் காலண்டரில் அம்மா மதுரைக்குப் போகும் நாளுக்கு ஒரு நிறம், திரும்பும் நாளுக்கு வேறொரு நிறம் அடியுங்கள். அன்றைக்குச் சடை பின்னுவது, பள்ளிக்குக் கூட்டிப்போவது யார் என்று அதே கட்டத்தில் எழுதுங்கள். தேதி தள்ளிப்போனால் பிள்ளை கையாலேயே மாற்றி எழுத வையுங்கள்.

முடி கொட்டும் மருந்து என்றால், முதல் கீமோ முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். அதற்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். மொட்டை என்றால் நேர்த்திக்கடன் என்றுதான் பிள்ளைக்குத் தெரியும், ‘எந்தக் கோயிலுக்கு?’ என்று கேட்டால், மருந்தால்தான் என்று சொல்லுங்கள். கதிர் சிகிச்சையைப் பெரியவர்கள் ‘கரண்டு வைக்கிறது’ என்பார்கள். அதைக் கேட்கும் பிள்ளை அம்மாவுக்கு ஷாக் அடிக்கிறது என்றே நினைக்கும். வெளியிலிருந்து செலுத்தும் கதிர் ஷாக் அடிக்காது, உடம்பில் தங்காது. வீட்டுக்கு வந்ததும் அம்மா மடியில் உட்காரலாம் என்று விளக்குங்கள்.

இன்னொரு குழப்பமும் வரும். கேன்சர் ஒட்டாது என்றோம். ஆனால் பிள்ளையின் சளி, அம்மை அம்மாவுக்கு ஒட்டும், கீமோ சமயத்தில் அது ஆபத்து. ‘அந்த மருந்து கிருமியோட சண்டை போடுற சக்தியையும் குறைச்சிரும், அதான் கை கழுவுறோம்’ என்று சொல்லலாம். அம்மாவுக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் என்றால், இரவானாலும் உடனே ஆஸ்பத்திரிதான். அப்போது ‘உன்னாலதான்’ என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது.

‘அம்மா, நீ செத்துப்போயிருவியா?’ என்று ஒருநாள் கேட்கும். ‘மாட்டேன்’ என்று சத்தியம் செய்யாதீர்கள். ‘சரியாகணும்னுதான் மருந்து எடுக்குறேன். ஏதாவது மாறுனா உன்கிட்ட மறைக்காம சொல்லுவேன்’ என்பதைக் காப்பாற்ற முடியும். மருந்து கேட்காத நிலை வந்தால், ‘சாவு’ என்றே சொல்ல வேண்டும். ‘தூங்கிட்டாங்க’ என்று சொல்லிக் கேட்ட பிள்ளை, தானும் தூங்கினால் எழமாட்டோம் என்று பயந்து படுக்க மறுக்கும்.

வகுப்பு டீச்சரிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். பிள்ளை வகுப்பில் வயிற்றுவலி என்று அழலாம், நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வரலாம். திட்ட வேண்டாம். சில வாரம் கழித்தும் குறையாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டுக்கொண்டே போனால், சிகிச்சை தரும் மருத்துவரிடமே மனநல ஆலோசகருக்கு எழுதித்தரச் சொல்லுங்கள்.