அழவும் தெரிய வேண்டும், நிறுத்தவும் தெரிய வேண்டும்

உணர்ச்சியை அடக்கத் தெரிந்தவரையே நம் ஊரில் பக்குவப்பட்டவர் என்பார்கள். அண்மைக் காலமாக அதற்கு நேர்மாறாக, மனத்தில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டால்தான் உடம்புக்கு நல்லது என்ற அறிவுரையும் எங்கும் கேட்கிறது. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. எப்போது வெளிக்காட்டுவது, எப்போது உள்ளே வைத்துக்கொள்வது என்பதை நம் கிராமத்துச் சாவு வீடுகள் இவ்விரு அறிவுரைகளையும் விட நுட்பமாக அறிந்திருந்தன என்று நம்புகிறேன்.

தென் மாவட்டங்களில் கேதம் கேட்க வரும் பெண்கள் தெருமுனையிலேயே குரலெடுத்து அழத் தொடங்குவார்கள்; பந்தலுக்குள் நுழைந்ததும் வீட்டுப் பெண்களின் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக அமர்வார்கள்; ஒருவர் ஒப்பாரியை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து அழுவார்கள். சற்று நேரத்தில் அழுகை தணியும். சற்று முன்வரை மாரடித்து அழுத அதே பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெளியூர்க்காரர்கள் கிளம்பிவிட்டார்களா, கோடித் துணி வந்துவிட்டதா, பிள்ளைகளுக்கு யாராவது சாப்பாடு கொடுத்தார்களா என்று விசாரிப்பார். அடுத்த உறவுக் கூட்டம் வண்டியை விட்டு இறங்கியதும் மீண்டும் அழுகை எழும். இதைப் பார்த்து நடிப்பு என்று இகழ்ந்தவர்கள் உண்டு. எனக்கோ இது பெரிய திறமையாகத் தோன்றுகிறது. துக்கம் உண்மையானது, அதைச் சற்று நேரம் ஒதுக்கி வைத்து வேலையைப் பார்ப்பதும், சேர்ந்து அழ ஆள் வந்தவுடன் மறுபடி அதற்குள் இறங்குவதும் அந்தப் பெண்களுக்குக் கைவந்திருக்கிறது.

ஒப்பாரியில் இறந்தவரின் பெருமை மட்டும் இடம்பெறுவதில்லை. கணவனை இழந்தவர், புகுந்த வீட்டார் தன்னை நடத்திய விதத்தையும், பிறந்த வீட்டார் தன்னைக் கைவிட்டதையும், இனித் தன் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள் என்ற அச்சத்தையும் அந்தப் பாட்டுக்குள் வைத்தே சொல்லிவிடலாம். வேறொரு நாளில் சொன்னால் வாய்த்துடுக்கு என்று பெயர் வாங்கித் தரக்கூடிய சொற்களை அங்கே யாரும் இடைமறிப்பதில்லை. இந்த ஏற்பாட்டில் ஆண்களுக்குக் கிடைத்தது மிகக் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். என் தாத்தா இறந்த அன்று என் பெரியப்பா காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் பந்தல்காரரிடமும் பாடை கட்டுபவரிடமும் பேசிக்கொண்டே இருந்தார். வாய்க்கரிசி போடும்போதுதான் உடைந்து அழுதார். அதற்கும், "நீயே இப்படி அழுதா எப்படி?" என்று ஒருவர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அந்த ஒரு நிமிடத்தைக்கூட அவருக்கு விட்டுவைக்காதது கொடுமை என்றே இன்றும் நினைக்கிறேன்.

நான் திறமை என்று சொல்வதை ஒரு ஆய்வும் உறுதிப்படுத்துகிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குச் சற்றுப் பின், நியூயார்க் நகரில் புதிதாகக் கல்லூரியில் சேர்ந்திருந்த மாணவர்களைக் கொண்டு உளவியலாளர் ஜார்ஜ் பொனானோவும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை நடத்தினார்கள். உணர்ச்சியைத் தூண்டும் படங்களைக் காட்டி, ஒரு முறை முகத்தில் உணர்ச்சியை நன்றாக வெளிப்படுத்தச் சொன்னார்கள். இன்னொரு முறை சற்றும் தெரியாமல் மறைக்கச் சொன்னார்கள். வெளிப்படுத்துவது, மறைப்பது ஆகிய இரண்டையுமே நன்றாகச் செய்ய முடிந்தவர்களுக்கு இரண்டாம் ஆண்டின் முடிவில் மன உளைச்சல் குறைந்திருந்தது என்று 2004இல் வெளியிட்ட கட்டுரையில் எழுதினார்கள். பந்தலுக்கும் அடுக்களைக்கும் இடையே மாறி மாறி நடந்த அந்தப் பெண்களின் நினைவுதான் இதைப் படித்ததும் எனக்கு வந்தது.

எப்போதும் அடக்கிக்கொண்டே இருப்பதற்கு உடல் விலை கொடுக்கிறது. ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், அருவருப்பூட்டும் படத்தைப் பார்த்தபடி முகத்தில் எதையும் காட்டாதிருக்க முயன்றவர்களுக்கு அந்த அருவருப்பு உள்ளே குறையவில்லை. மாறாக, உடலுக்குள் பரபரப்பின் சில அறிகுறிகள் கூடின.

கோபத்தைத் துக்கத்தோடு சேர்த்துப் பேசக்கூடாது என்பதிலும் உறுதியாக இருக்கிறேன். 2002இல் பிராட் புஷ்மன் வெளியிட்ட ஆய்வில், தம்மைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் மிக அதிகமாக இருந்தது; சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். அழுகை பகிரப் பகிரத் தணிவதை நான் பார்த்திருக்கிறேன்; கோபம் அப்படித் தணிவதைப் பார்த்ததில்லை. அது பெரும்பாலும் திருப்பிப் பேச முடியாதவர் தலையில்தான் விழுகிறது: வீட்டு வேலைக்கு வருபவர், கடைச் சிப்பந்தி, குழந்தை. ஆகவே எந்த உணர்ச்சியானாலும், அதைத் தாங்க வேண்டியவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். இழப்பு யாருக்கு அதிகமோ அவருக்கே அழும் உரிமையும் அதிகம். கணவனை இழந்தவரே தன் அழுகையை நிறுத்திவிட்டு நம்மைத் தேற்ற வேண்டிய நிலை வருமானால், நாம் அங்கே போயிருக்கக் கூடாது.

பேச வைப்பதிலும் இதே கவனம் வேண்டும். பேரிடரில் தப்பியவர்களை உடனே உட்கார வைத்து, நடந்ததை எல்லாம் சொல்ல வைப்பது ஒரு காலத்தில் பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. அதனால் பின்னாளைய மனப் பாதிப்பு தடுக்கப்படுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிய பின், உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தக்கூடாது என்று அறிவுறுத்தியது.

நகரத்தில் இன்று நடப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். மருத்துவமனையிலிருந்து ஆம்புலன்ஸ், குளிர்பெட்டி, சில மணி நேரத்தில் மின்மயானம், பதினாறாம் நாள் காரியம் சில குடும்பங்களில் மூன்றாம் நாளே முடிந்துவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார்கள். மூன்று நான்கு நாள் விடுப்பு முடிந்து, அலுவலகத்தில் எதுவும் நடக்காதது போல் கணினி முன் அமர்கிறார்கள். அடக்க வேண்டிய இடங்கள் எல்லாம் அப்படியே இருக்க, அழுவதற்கான இடம் மட்டும் காணாமல் போய்விட்டது. அடக்கிக்கொள் என்று ஒருவரிடம் சொல்ல வேண்டுமானால், அவர் அழுவதற்கென்று வேறொரு நேரம் நிச்சயமாக இருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் துக்கம் விசாரிக்கப் போனால் "அழாதீர்கள்" என்று நான் சொல்வதில்லை. "அழுதுவிடுங்கள்" என்றும் சொல்வதில்லை. எல்லோரும் ஊர் திரும்பிய பின், ஒரு மாதம் கழித்து மறுபடி போய், இறந்தவரின் பேச்சை நானே எடுக்கிறேன். சிலர் உடனே அழுகிறார்கள். சிலர் பேச்சை மாற்றி, காப்பி போடட்டுமா என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சரி, போடுங்கள் என்கிறேன்.