சுங்கை சிப்புட்டில் பதினெட்டுக் கூடைகள்

மலேசியாவின் கிள்ளானில் நான் வாரந்தோறும் ஆடும் திடலில், எந்த மரத்துக்கு எந்தப் பக்கம் எறிந்தால் டிஸ்க் எங்கே போய் இறங்கும் என்பதை நான் யோசிக்க வேண்டியதே இல்லை. அது என் கைக்குப் பழகிப்போன கணக்கு. அதனால்தான், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு பழைய தோட்டத்தில் ஏப்ரல் மாதக் கடைசியில் டிஸ்க் கோல்ஃப் போட்டி நடக்கப்போவதாக அறிந்து பெயரைப் பதிந்துகொண்ட அன்று இரவு, எனக்கு உற்சாகத்தைவிடக் கலக்கமே அதிகமாக இருந்தது. அந்தத் தடத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. போட்டிக்கு ஆறு வாரங்கள் இருந்தன. அந்த ஆறு வாரங்களில் எது வீணாயிற்று, எது உதவிற்று என்பதை, என்னைப் போலவே அறியாத தடத்துக்குப் போகவிருக்கும் ஒருவருக்குச் சொல்வதாக எண்ணி எழுதுகிறேன்.

ஆட்டம் அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணக்கெல்லாம் கோல்ஃப் கணக்குத்தான். பந்துக்குப் பதில் கையால் எறியும் தட்டையான வட்டத் தட்டு, அதுதான் டிஸ்க்; குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. எறிதளத்திலிருந்து தொடங்கி, டிஸ்க் விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிந்து, மிகக் குறைந்த எறிகளில் கூடையில் சேர்ப்பவர் முந்துவார். சங்கிலிக் கூடையை 1970களில் கலிஃபோர்னியாவில் உருவாக்கிய எட் ஹெட்ரிக் என்பவரே 1976இல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தையும் தொடங்கினார். எங்கள் போட்டியும் அந்தச் சங்கத்தின் விதிகளின்படியே நடந்தது.

போட்டிக்கு ஐந்து வாரங்களுக்கு முன், சனி, ஞாயிறு இரண்டு நாளும் தங்குவதாகச் சுங்கை சிப்புட்டுக்குப் போனேன். பெரியப்பாவின் வீடு நகரத்துத் தாமான் (குடியிருப்பு) ஒன்றில் இருக்கிறது. அவர் அந்தத் தோட்டத்திலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர்; கித்தா மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்; பின்பு கித்தாவை அழித்துப் பாமாயில் தரும் செம்பனையை நட்டபோது கன்று நட்டவர்; கடைசி ஆண்டுகளில் குலை வெட்டியவர். அவரிடம் தடத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை என்பதை இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

சனிக்கிழமை முழுவதையும் நான் வீணடித்தேன் என்றே சொல்ல வேண்டும். ஏற்பாட்டாளர்கள் பயிற்சிக்காகக் கூடைகளை முன்கூட்டியே நட்டு வைத்திருந்தார்கள். நான் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முதற்கூடையில் தொடங்கிப் பதினெட்டாம் கூடை வரை போட்டியைப் போலவே ஆடி, ஒவ்வோர் எறியையும் எண்ணிக் குறித்துக்கொண்டேன். பார், அதாவது முடிக்க எதிர்பார்க்கப்படும் எறிகளின் எண்ணிக்கை, 56 என்றிருந்த தடத்தில் எனக்கு 74 வந்தது. மாலையில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்த்தபோது, என் டிஸ்க்குகள் எங்கெங்கே விழுந்தன என்பது தெரிந்ததே ஒழிய, எங்கே விழுந்திருக்க வேண்டும் என்பது ஓரிடத்தில்கூடத் தெரியவில்லை. அறியாத தடத்தில் முதல்நாள் எண்ணிக்கை வைத்து ஆடுவது, சந்தைக்குப் போய்க் காய்கறியைப் பாராமல் விலைப்பலகையை மட்டும் எழுதிக்கொண்டு வருவது போன்றது.

பெரியப்பா வரைபடத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, “இந்த ஒம்பதாம் நம்பரு பழைய பால் கொட்டாய் இருந்த எடம்மா. பதினாலு இருக்கே, அது சதுப்பு. நாங்கதான் மண்ணு போட்டு மேடாக்கினோம். மழை பேஞ்சா தண்ணி நிக்கும்,” என்றார். விடிந்ததும் தானே வந்து காட்டுவதாகவும் சொன்னார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வெளிச்சம் வந்தும் வராததுமான வேளையில் போனோம். அவர் தமக்குப் பழக்கமான வழியில், அதாவது முன்பு தொழிலாளர்களின் லயன் வீடுகள் இருந்த பக்கமாக, தோட்டத்துக்குள் நுழைந்தார். அந்த வழி பதினெட்டாம் கூடைக்கு அருகில் கொண்டுபோய் விட்டது. சுற்றிக்கொண்டு முதல் எறிதளத்துக்குப் போக வேண்டாம் என்று, கூடையிலிருந்து எறிதளம் நோக்கி, பதினெட்டிலிருந்து ஒன்று வரை பின்னோக்கியே நடந்தோம். பையில் டிஸ்க் இருந்தும் நான் ஒன்றைக்கூட எறியவில்லை. இந்த ஆறு வாரங்களில் எனக்கு வாய்த்த மிகப் பெரிய நன்மை, யாரும் திட்டமிடாத இந்தப் பின்னோக்கிய நடைதான்.

எறிதளத்தில் நிற்கும்போது கண் கூடையை மட்டுமே தேடும். கூடையருகில் நின்று திரும்பிப் பார்க்கும்போதுதான் எந்தப் பக்கம் தவறவிட்டால் பிழைக்கலாம், எந்தப் பக்கம் தவறவிட்டால் பிழைக்க முடியாது என்பது தெரிகிறது. பன்னிரண்டாம் கூடைக்கு நான்கு மீட்டர் இடப்பக்கம் ஒரு வடிகால் ஓடுகிறது. தரையும் அதை நோக்கியே சரிகிறது. எறிதளத்திலிருந்து பார்த்தால் புல்வெளி மட்டமாகவே தெரியும். வலக்கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசும் வழக்கமான பேக்ஹேண்ட் எறியும் எனக்கு டிஸ்க் கடைசியில் இடப்பக்கம்தான் சரியும்; ஆகவே கூடையைக் குறிபார்த்து எறிந்த ஒவ்வொரு முறையும் நான் வடிகாலைத்தான் குறிபார்த்திருக்கிறேன். வடிகால் எல்லைக்கு வெளியே என்று வகுக்கப்பட்டிருந்ததால் அதில் விழும் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தண்டனையாக ஓர் எறி கூடும். நோட்டில், “12: கூடையைப் பார்க்காதே. வலப்பக்கம், பத்து மீட்டர் முன்னதாக நிறுத்து,” என்று எழுதிக்கொண்டேன். ஐந்தாம் கூடையில் இதற்கு நேர்மாறு: எறிதளத்திலிருந்து பயமுறுத்திய ஒடுக்கமான இடைவெளிக்குப் பின்னால் இடப்பக்கம் விசாலமான வெட்டவெளி கிடந்தது.

ஏழிலிருந்து பதினொன்று வரையிலான ஐந்து கூடைகள் செம்பனைக்குள் இருந்தன. என்னை மிகவும் வதைத்தவை அவைதாம். ஒரே மாதிரியான மரங்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் தூண்கள். பெரியப்பா ஒரு மரத்தடியில் என்னை நிறுத்தி மெல்ல ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னார். ஆறு திசைகளில் நேரான நிரைகள் திறந்துகொண்டன! செம்பனையை முக்கோணமாக, மரத்துக்கு மரம் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள். எந்த மரத்தைச் சுற்றியும் ஆறு மரங்கள் ஒரே தூரத்தில் நிற்கும். அப்படியானால் எறிந்த டிஸ்க் பக்கத்து நிரைக்குள் போய்விட்டாலும் வழி அடைபட்டுவிடுவதில்லை. 60 பாகை திரும்பினால் இன்னொரு நேர்வழி காத்திருக்கிறது. சனிக்கிழமை நான் மரங்களுக்கிடையே ஏதாவதொரு இடுக்கைத் தேடி வளைத்து வளைத்து எறிந்து மரத்திலேயே அடித்துக்கொண்டிருந்தேன். நிரையைக் கண்டுபிடித்து அதன்படி எறிவதே போதும் என்று அன்றுதான் விளங்கிற்று.

இன்னொன்றையும் அவர் காட்டினார். ஒரு நிரை விட்டு ஒரு நிரைதான் குலை வெட்டுபவர்கள் நடக்கும் பாதை; இடையில் உள்ள நிரையில் வெட்டிய மட்டைகளை அடுக்கிவிடுவார்கள். மட்டையின் அடிப்பகுதியில் கூரிய முட்கள் இருக்கும். எலிகளைத் தேடி நாகப்பாம்பு அந்தக் குவியல்களுக்கு வரும். டிஸ்க் அங்கே போனால் கையை விடாதே, கம்பால் கிளறிப் பார், முழங்கால் வரை பூட்ஸ் போடு என்று கண்டிப்பாகச் சொன்னார். அதே எலிகளுக்காகத்தான் தோட்டங்களில் கம்பம் நட்டுக் கூகைகளுக்குப் பெட்டி வைக்கிறார்கள். பதினோராம் கூடைக்கு நேர்பின்னால் அப்படி ஒரு பெட்டி உயரமாக நின்றது. கூடை கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில் குறிபார்க்க அதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது.

கிள்ளானுக்குத் திரும்பியதும் பயிற்சியை அந்த நோட்டை வைத்தே அமைத்தேன். பெரும்பாலான டிஸ்க்குகளின் மேல் வேகம், மிதப்பு, திருப்பம், சரிவு என்று நான்கு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும்; புது டிஸ்க் வாங்குவோர் பெரும்பாலும் முதல் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். செம்பனைக்குள் வேகத்தால் பயனில்லை. தாழத் தொங்கும் மட்டைகளுக்குக் கீழே, நேராக, நாற்பது மீட்டர் போனால் போதும். வீட்டருகே இரண்டு மரங்களுக்கு இடையில் மூன்று மீட்டர் உயரத்தில் கயிறு கட்டி, அதற்குக் கீழாக நடுத்தூர எறிக்கான ஒரே மிட்ரேஞ்ச் டிஸ்க்கை வாரத்தில் நான்கு மாலைகள் எறிந்தேன். பையில் இருந்த பதினான்கில் ஐந்தை வீட்டிலேயே வைத்துவிட முடிவு செய்தேன். அவற்றுள் இரண்டு எனக்கு மிகவும் பிடித்த டிரைவர்கள், அதாவது நெடுந்தூர எறிக்கான டிஸ்க்குகள். ஆனாலும் அவற்றுக்கு அந்தத் தடத்தில் வேலை இல்லை.

ஒன்று முதல் ஆறு வரையிலான கூடைகள் பழைய தோட்டத் திடலில் இருந்தன. அங்கே காற்றுதான் சிக்கல். எதிர்க்காற்றில் டிஸ்க் இன்னும் வேகமாக எறியப்பட்டதைப் போல நடந்துகொள்ளும். இலகுவாகத் திரும்பக்கூடிய டிஸ்க் வலப்பக்கம் புரண்டு தரையில் விழும். பின்காற்றில் அதன் மிதப்புக் குறைந்து முன்னதாகவே இறங்கிவிடும். எனவே அந்த ஆறு கூடைகளுக்கும் காற்றுள்ளபோது ஒன்று, இல்லாதபோது ஒன்று என இரண்டிரண்டு டிஸ்க்குகளைக் குறித்துவைத்தேன். கூடைக்கருகில் எறியும் பட்டிங்குக்கு நாளுக்கு அறுபது எறிகள். ஐந்து, ஏழு, ஒன்பது மீட்டரிலிருந்து. பத்து மீட்டருக்குள் இருந்து எறிந்தால், டிஸ்க்கை விட்ட பிறகு நிலைகொண்டு நின்றுகாட்டிய பின்பே முன்னால் அடியெடுத்து வைக்கலாம் என்பது விதி. பன்னிரண்டாம் கூடையின் சரிவை மனத்தில் வைத்து, வீட்டு வாசலின் சாய்தளத்தில் நின்றே இதைப் பழகினேன்.

போட்டிக்கு முந்தைய நாள் நான் ஆடவில்லை; கூடைகள் இடம் மாறியிருக்கின்றனவா என்று மட்டும் நடந்து பார்த்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை பெரியம்மா பசியாற இட்லி வைத்துக் கொடுத்தார். குழு தொடங்கிய பிறகு வருபவருக்குத் தவறவிட்ட ஒவ்வொரு கூடைக்கும் பாருடன் நான்கு கூட்டிப் பதிவார்கள் என்பதால் ஏழரைக்கே போய்விட்டேன். புல்லில் பனி கனத்திருந்தது. மூன்று துண்டுகள் கொண்டு போனது நல்லதாயிற்று. ஒன்று எட்டு மணிக்குள்ளேயே நனைந்துவிட்டது.

முதற்சுற்று 64. பன்னிரண்டில் நோட்டில் எழுதியபடியே வலப்பக்கம் நிறுத்தி மூன்றில் முடித்தேன். என் குழுவில் இருவர் வடிகாலுக்குப் போனார்கள். பதினொன்றில்தான் அடி விழுந்தது. கூகைப் பெட்டியைக் குறிபார்த்து, தோட்டச் சாலையிலிருந்து எண்ணி மூன்றாவது நிரைக்குள் நினைத்த இடத்திலேயே இறக்கினேன். ஆனால் நினைத்த இடத்தில் ஆளுயர மட்டைக் குவியல் இருந்தது. தேடுவதற்கு விதி மூன்று நிமிடந்தான் தருகிறது. கம்பால் கிளறி டிஸ்க்கை எடுத்துவிட்டேன். எறிய இடமில்லாமல் ஆறில் முடிந்தது.

இரண்டாம் சுற்று ஒரு மணிக்குத் தொடங்கியது. மலைப்பக்கம் கருத்தால் ஒரு மணி நேரத்துக்குள் மழை இங்கே வந்துவிடும் என்று பெரியப்பா சொல்லியிருந்தார். இரண்டேகாலுக்குக் கருத்தது, மூன்றுக்குள் இடியோடு கொட்டியது. ஊதல் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்கள். கூடாரத்தில் காத்திருந்த நேரத்தில் டிஸ்க்குகளையெல்லாம் துடைத்து, நனைந்தாலும் பிடிமானம் தரும் சாதாரண பிளாஸ்டிக் டிஸ்க்குகளை மேலே எடுத்து வைத்தேன். நாலரைக்கு மறுபடி தொடங்கியபோது பதினாலாம் கூடைக்கு முன்னால் சதுப்பு பழையபடி ஆகியிருந்தது. அப்படித் தேங்கிய நீரில் டிஸ்க் விழுந்தால் தண்டனையின்றி விலகிக்கொள்ளலாம். ஆனால் கூடையிலிருந்து பின்னோக்கியே விலக வேண்டும், தூரம் கூடிவிடும். ஐந்து வாரங்களுக்கு முன்பே எழுதி வைத்த மேட்டில், கூடைக்கு முப்பது மீட்டர் இப்பால், ஈரமில்லாத தரையில் என் டிஸ்க் நின்றது. அங்கிருந்து இரண்டு எறிகள். சுற்று 61இல் முடிந்தது. பெண்கள் பிரிவில் நடுவில் ஓர் இடம் கிடைத்தது. இரண்டு சுற்றிலும் ஒருமுறைகூட எல்லைக்கு வெளியே போகவில்லை என்பதில்தான் எனக்கு அதைவிட மகிழ்ச்சி.

இரவு நோட்டை விரித்து வைத்துப் பெரியப்பாவிடம் பதினொன்றைப் பற்றிக் கேட்டேன். நாங்கள் நடந்து பார்த்த அன்று அந்த நிரையில் பழைய மட்டைகள் மக்கித் தரையோடு தரையாகக் கிடந்திருக்கின்றன. புல்லும் மூடியிருந்ததால் நான் அதையே பாதை என்று எடுத்துக்கொண்டேன். அதன்பின் குலை வெட்டியவர்கள் வழக்கமான நிரையிலேயே புது மட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். “ரோட்டுலேருந்து எண்ணுமா. ஒண்ணு, மூணு, அஞ்சு எல்லாம் மட்டைக்கு. ரெண்டு, நாலுதான் நடக்குறது,” என்றார். பென்சிலால் மூன்றை அடித்துவிட்டு நான்கு என்று எழுதினேன். நான்காவது நிரையிலிருந்து கூகைப் பெட்டி தெரியுமா என்று நான் கேட்டேன். காலையில் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் கிளம்பலாம் என்றார்.