வீராவுக்கு எக்கோ

மார்ச் 2
பெரம்பூர் அக்கா அழுதுகொண்டே போன் செய்தார். அவர் வீட்டு டாபர்மேன் ஜூலி, பால்காரர் சத்தம் கேட்டு கேட் வரை ஓடியவள், அங்கேயே விழுந்து செத்துப்போய்விட்டாள். நாலு வயது. இருமல் இல்லை, இளைப்பு இல்லை, முந்தின ராத்திரி முழுச் சாப்பாடு. எங்கள் வீராவும் அவளும் ஒரே ஈற்றுக் குட்டிகள்.

மார்ச் 4
தெருமுனை டாக்டர் ஸ்டெத் வைத்துப் பார்த்தார். சத்தம் சரியாக இருக்கிறது, ஆனால் டாபர்மேனுக்கு அதை மட்டும் நம்ப முடியாது என்றார். டிசிஎம் என்கிற இதயத்தசை நோய் இந்த இனத்தில் பரம்பரையாக வருகிறது. தசை வலுவிழந்து, இடது கீழறை விரிந்துகொண்டே போகும். வெளியில் எதுவும் தெரியாமல் வருடக்கணக்கில் ஓடலாம். சில நாய்களுக்கு முதல் அறிகுறியே திடீர்ச் சாவுதான். ஐரோப்பிய டாபர்மேன்களைப் பரிசோதித்து 2010இல் வெளியான ஆய்வில் பாதிக்கும் மேல் இந்த நோய்க்கு ஆளாவது தெரிந்தது. இவ்வளவு தெரிந்தும் தாய் தகப்பன் இதயத்தைப் பார்க்காமல் குட்டி விற்கிறார்களே, மனசு கொதிக்கிறது.

மார்ச் 11
வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் வீராவுக்கு எக்கோ, அதாவது இதய ஸ்கேன். மயக்க ஊசி தேவைப்படவில்லை. முன்னங்கால் முட்டிக்குப் பின்னால் கையகலத்துக்கு முடியை மழித்து ஜெல் தடவினார்கள். மேஜையில் ஓர் ஓட்டை. அதன்மேல் நெஞ்சு வரும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து, அடியிலிருந்து பார்த்தார்கள். முதலில் உதறினான். "ஒண்ணுமில்லடா ராஜா" என்று காதருகே சொல்லச் சொல்ல அடங்கினான். திரையில் கறுப்பாக அறை, சுற்றிலும் சாம்பல் நிறத்தில் தசைச் சுவர். டாக்டர் படத்தை நிறுத்தி நிறுத்தி, அறை விரியும்போது எவ்வளவு, சுருங்கும்போது எவ்வளவு என்று அளந்தார். எல்லாம் டாபர்மேனுக்கான வரம்புக்குள்.

அப்பாடா என்றிருந்தது. ஆனால் அறை விரிவதற்கு முன்பே துடிப்பு தப்ப ஆரம்பிக்கலாம், அதற்கு ஹோல்டர், அதாவது நாள் முழுக்க உடம்பில் மாட்டிவைக்கும் ஈசிஜி மெஷின், வேண்டும் என்றார். சில நிமிட ஈசிஜியில் அது சிக்காமல் போய்விடும்.

மார்ச் 18
ஹோல்டர் மாட்டியாச்சு. நெஞ்சைச் சுற்றி பட்டைத்துணி, அதற்குள் மெஷின். 24 மணி நேரத்தில் தப்புத் துடிப்பு 300ஐத் தாண்டினால் நோய் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். 50க்கும் 300க்கும் இடையில் என்றால் சந்தேகம், மறுபடி பார்க்க வேண்டும்.

மார்ச் 24
50க்கும் கீழே! அக்காவிடம் முதலில் சொன்னேன்.

குட்டி கொடுத்தவருக்கும் விஷயம் போய், "ரிப்போர்ட்தான் நல்லா இருக்கே மேடம், மேட்டிங் போடலாமே" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஜூலிக்குப் போஸ்ட்மார்ட்டம் செய்யவில்லை, காரணம் உறுதியில்லை. ஆனாலும் இன்றைய ரிப்போர்ட் இன்றைக்குத்தான்; ஆறு ஏழு வயதிலும் இந்த நோய் தலைகாட்டும். மரபணு டெஸ்டும் முழுப் பதில் தராது: மாற்றம் இருந்தும் நோய் வராத நாய்கள் உண்டு, இல்லாமலே வந்தவையும் உண்டு. வருடா வருடம் எக்கோவும் ஹோல்டரும் எடுக்கப்போகிறோம். அறிகுறி தெரியும் முன்பே கண்டுபிடித்து பிமோபென்டன் என்கிற இதய மருந்து கொடுத்தால் இதயச் செயலிழப்பைப் பல மாதம் தள்ளிப்போடலாம் என்பது 2012 ஆய்விலேயே வந்துவிட்டது.

அந்த ஈற்றின் மற்றக் குட்டிகளை வாங்கியவர்களின் நம்பரைக் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கொடுத்தார். ஆவடியில் ஒரு வீட்டுக்குச் சாயங்காலமே பேசினேன். அடுத்த வாரம் அவர்களும் எக்கோவுக்குப் போகிறார்கள்.