ஓடைக்கு இந்தப் பக்கம்

ஜூலை 9
கலிஃபோர்னியா மலைகளில் ஜான் மியூர் நடைத்தடம், 340 கிலோமீட்டரில் பாதி தாண்டியாயிற்று. எட்டு நாள் சாப்பாட்டை ஏற்றியதில், கரடி திறக்க முடியாத அந்தக் கரடி டப்பா மூட மறுத்தது. பற்பசையை வெளியே விட முடியாது, அந்த வாசனையும் கரடிக்குப் போதும். மேலே உட்கார்ந்து அழுத்தி மூடினேன்.

ஜூலை 10
எதிரே வருகிற எல்லாரிடமும் ஒரே கேள்விதான். எவொல்யூஷன் க்ரீக் ஓடையில் தண்ணீர் எவ்வளவு? விடியலில் கடந்த இருவர் முழங்கால் என்றார்கள். அப்புறம் வந்தவர் தொடை என்றார். நேற்றுச் சாயங்காலம் கடந்த பெண் பதில் சொல்லாமல் இடுப்பில் கையை வைத்துக் காட்டினாள். மூன்றும் உண்மையாகத்தான் இருக்கும். பகல் வெயிலில் மேலே உருகும் பனி கீழே வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும், விடியலில்தான் ஓடை அடங்கியிருக்கும். தெரிந்தும் வயிறு பிசைகிறது.

எங்கள் இருவரில் நீச்சல் தெரிந்தவள் அக்காதான். இதை எழுதியிருக்கக் கூடாது.

ஓடைக்கு முன்பே கூடாரம் போட்டுவிட்டேன். இருவர் கூடாரம். அந்தப் பக்கத்தில் பையைப் படுக்க வைத்திருக்கிறேன். தண்ணீர்ச் சத்தம் இங்கே வரை கேட்கிறது.

ஜூலை 11
கடந்துவிட்டேன்.

தடம் நேராக இறங்கும் இடத்தில் இழுப்பு பயங்கரம். கீழே பாறைகளில் விழுந்து போகிறது. மேலே புல்வெளிப் பக்கம் போனேன். அங்கே ஓடை அகலம், ஆனால் நிதானம். இடுப்புப் பட்டை, மார்புப் பட்டை இரண்டையும் அவிழ்த்தேன். விழுந்தால் பையை உதறிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே ஆளை அமுக்கிவிடும். ஷூவோடு இறங்கி, வரும் தண்ணீருக்கு முகம் கொடுத்து நின்று, கம்பை ஊன்றி ஒரு கால், மறுபடி கம்பு. நடுவில் தொடை வரை வந்தது. கால் மரத்து, கல் எது பாதம் எது என்று தெரியவில்லை. கரையேறியதும் அழுகை வந்தது. அடக்கவில்லை.

ஜூலை 12
கொசு. ரேஞ்சர் அனுமதிச் சீட்டைப் பார்த்தார், இரண்டு பேர் என்று இருக்கிறது. ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 13
இரவில் புட்டியில் தண்ணீர் உறைந்தது. நல்லவேளை, வடிகட்டியைத் தூக்கப் பைக்குள் வைத்திருந்தேன். அது ஒருமுறை உறைந்தால் உள்ளே இழை விட்டுப்போகும், வெளியே பார்த்தால் தெரியாது, அதை நம்பிக் குடித்துக்கொண்டே இருப்போம்.

பனி இளகுவதற்குள் மியூர் கணவாய் ஏறியாக வேண்டும் என்று இருட்டிலேயே கிளம்பினேன். 3,600 மீட்டருக்கு மேல். இருபது அடிக்கு ஒருமுறை நின்றேன். உச்சியில் 1930இல் கட்டிய கல் குடிசை. உள்ளே பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் பக்கம் வாண்டா ஏரி, அந்தப் பக்கம் ஹெலன் ஏரி. தடத்துக்குப் பெயர் தந்த ஜான் மியூரின் இரண்டு மகள்களின் பெயர்கள். வாண்டா மூத்தவள். அவள் தண்ணீர் சான் வாக்கின் ஆற்றுக்கு, இவள் தண்ணீர் கிங்ஸ் ஆற்றுக்கு. வரைபடத்தில் எத்தனையோ தடவை பார்த்த பெயர்கள். வழி தேர்ந்தெடுத்தவள் அக்கா. ஏன் எனக்குச் சொல்லவில்லை?

ஹெலன் பக்கம் முழுக்கப் பனி. மதியம் தொடை வரை புதைந்தேன், இரண்டு தடவை.

ஜூலை 14
லெ கான்ட் பள்ளத்தாக்கு. இருபுறமும் பாறைச் சுவர், நடுவே கீற்றாக வானம். சாட்டிலைட் கருவியில் "வாண்டாவைப் பார்த்தேன்" என்று மட்டும் அடித்து அக்காவுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரமாகப் போகவில்லை. கொஞ்சம் திறந்த இடமாகப் பார்த்து