கானுக்கு ஊரே இல்லை

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் வில்லன்களில் எனக்கு மறக்கவே முடியாதவன் கான் நூனியன் சிங்தான். 1967 பெப்ரவரியில் ஒரே ஒரு அத்தியாயத்தில் வந்தவன், 1982-இல் அவன் பெயரிலேயே ஒரு படம் எடுக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டான். கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், சாதாரண மனிதரைவிடப் பலமும் மூளையும் உள்ளவர்களாக உருவாக்கப்பட்ட கூட்டத்தின் தலைவன் அவன், ஆசியாவிலிருந்து மத்திய கிழக்கு வரை உலகில் காற்பங்குக்கு மேல் ஆண்டவன், தோற்றதும் தன் ஆட்களோடு விண்கலத்தில் ஏறித் தப்பி, இரண்டு நூற்றாண்டு தூங்கி, தொடரின் நாயகன் கப்டன் கேர்க்கின் கப்பலில் கண் விழிக்கிறான்.

அவன் ஆண்டது 1992 முதல் 1996 வரையாம். கதைக் கணக்கின்படி மட்டக்களப்பும் அவன் கையில்தான் இருந்திருக்கும். நிஜத்தில் அந்த வருடங்களில் நாங்கள் சோதனைச்சாவடிகளில் இறங்கி சைக்கிளை உருட்டிக்கொண்டு போனோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தூங்கிக்கொண்டிருக்கும் கானைப் பார்த்ததுமே கப்பலின் வரலாற்றாசிரியை, வட இந்தியப் பக்கம், அநேகமாகச் சீக்கியன் என்கிறாள். அப்புறம் தன் அறையில் அவனைத் தலைப்பாகையோடு ஓவியமாக வரைகிறாள். அந்தத் தலைப்பாகை ஓவியத்தில் மட்டும்தான் இருக்கிறது! திரையில் நிற்கிறவனுக்குத் தலைப்பாகையும் இல்லை, தாடியும் இல்லை. நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பான், முகத்தைக் கருமையாக்க ஒப்பனை போட்டிருந்தார்கள். முதலில் எழுதியபோது இந்தப் பாத்திரம் வட ஐரோப்பியன், பெயரும் எரிக்சன். பிறகுதான் ஆசியன் ஆக்கினார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சீக்கியர் என்றால் யார் என்று படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை, 1987-இல் இந்திய அமைதிப்படை வந்தபோது தலைப்பாகையும் தாடியுமாக நேரிலேயே பார்த்தவர்கள். அம்மாவுக்கு அந்த அத்தியாயத்தைப் போட்டுக் காட்டினேன். "இவரா சிங்? சவரம் எடுத்திருக்கிறாரே" என்றுதான் முதலில் கேட்டா.

ஆனால் தாடியைவிட என்னை உறுத்துவது அவன் படிக்கிற புத்தகங்கள். அத்தியாயத்தின் முடிவில் ஒரு வெறுங்கிரகத்துக்கு நாடுகடத்தப்படும்போது, ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் படித்திருக்கிறாயா என்று கேர்க்கிடம் கேட்கிறான். 1982 படத்தில் அவன் தங்குமிடத்துப் புத்தகத் தட்டைக் கமரா காட்டும், நிறுத்தி வைத்துப் பாருங்கள்: மில்டன், ஷேக்ஸ்பியரின் லியர் அரசன், திமிங்கில வேட்டை நாவலான மோபி டிக். பழிவாங்கும் வெறியில் அவன் பேசுகிற வசனங்கள்கூட அந்தத் திமிங்கில வேட்டைக்காரனுடையவைதான். ஆசியாவை ஆண்ட அரசனின் தட்டில் ஆசியப் புத்தகம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

இதை ஒரு குறையாக நான் உணர்வதற்குக் காரணம் எங்கள் கூத்து. வடமோடி என்ற கூத்து வகையில் இராவணன் வருகிறபோது கிரீடமும் விரிந்த கரப்புடுப்புமாக வட்டக்களரி என்ற வட்ட மேடையைச் சுற்றி ஆடி வருவான், கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் மத்தளம் அதிர, பிற்பாட்டுக்காரர் அவன் வரியைத் திருப்பிப் பாட, சபை முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கம்பீரம் கானிடமும் இருக்கிறது. அவனைப் பற்றிக் கேர்க்கும் கப்பலின் பொறியியலாளர் ஸ்கொட்டியும் மரியாதையோடு பேசுவதும், அவன் ஆட்சியில் படுகொலைகள் நடக்கவில்லை என்று ஒருவர் சொன்னதும் சுதந்திரமும் அவ்வளவாக இருக்கவில்லை என்று கேர்க்கின் துணை அதிகாரி ஸ்பொக் வெட்டிப் பேசுவதும் அருமையான எழுத்து. 1967-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஓர் ஆசியனை இவ்வளவு உயரத்தில் வைத்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் இராவணன் சிவபக்தன், வீணை வாசிப்பவன், மண்டோதரியின் வார்த்தையைக் கேட்டும் கேளாமலும் போகிறவன், இந்திரசித்துக்காக அழுகிறவன். அவன் விழும்போது கூடவே ஒரு வீடும் விழுகிறது. கானுக்கு அப்படி ஒரு வீட்டை யாரும் எழுதவேயில்லை.

2013 படத்தில் வெள்ளைக்கார நடிகர் பெனடிக்ட் கம்பர்பாட்ச் கானாக வந்தது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, மிச்சமிருந்த நிறமும் போய்விட்டது, அவ்வளவுதான். 2023-இல் வந்த தொடரில் ரொறன்ரோவில் வளரும் சிறுவனாகக் கானைக் காட்டினார்கள், தெற்காசிய முகம். பார்த்தபோது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

இத்தனைக்கும் கதைக்குத் தேவையானது பஞ்சாப் வரலாற்றிலேயே இருக்கிறது. பிள்ளைகளை இழந்த சீக்கியரின் பத்தாவது குரு, குரு கோவிந்த் சிங், சத்தியத்தை மீறிய ஔரங்கசீப்புக்கு 1705-இல் பாரசீகத்தில் எழுதிய ஸஃபர்நாமா என்ற கடிதம் அது. எல்லா வழியும் அடைபட்ட பிறகு வாளை எடுப்பது நியாயமே என்று ஒரு பேரரசனின் முகத்துக்கு நேரே சொல்கிற கடிதம். அதைக் கேட்டு வளர்ந்த ஒருவன் தானே பேரரசனாகி, காற்பங்கு உலகத்தை அடக்கி ஆண்டால், அந்த வரிகள் அவனை என்ன செய்யும்? அடுத்து யாராவது கானை எழுதுவதாக இருந்தால் மில்டனைத் தட்டில் இருந்து இறக்க வேண்டாம், பக்கத்தில் இந்தக் கடிதத்தையும் வைத்து, ஒரு காட்சியில் அவனை அதை வாசிக்க விடுங்கள்.