ஃபைட்டர் பிளேனுக்கு தூரம் எங்கேர்ந்து வந்துச்சு

ராயபுரத்துல எங்க செட்டுல ரெண்டாம் உலகப்போர் பிளேன் பத்தி பேச்சு வந்தா எல்லாரும் பிரிட்டிஷ் ஃபைட்டர் ஸ்பிட்ஃபயர் பக்கம்தான். எனக்கும் அது உசுரு. ஆனா அது வீட்டு மேல வர்றவன அடிக்க செஞ்சது, சட்டுனு ஏறணும் அடிக்கணும் எறங்கணும், அதுக்கு எதுக்கு பெரிய டேங்க்? 1940ல எதிர்ல வந்த ஜெர்மன் ஃபைட்டர் மெஸ்ஸர்ஷ்மிட் 109ம் அப்படித்தான், பிரான்ஸ்லேர்ந்து கெளம்பி லண்டன் மேல பத்து நிமிஷம் நின்னாலே பெட்ரோல் பத்தாது, திரும்பிடணும், அவங்க பாம்பருங்க தனியா மாட்டிக்கும்.

காசிமேட்டுல பாருங்க, பல நாள் தங்கி மீன் புடிக்கப்போற லாஞ்சுல டீசலும் ஐசுமே பாதி எடத்த அடச்சிடும். ஃபைட்டரும் அதே கணக்குதான், தூரம் வேணும்னா வேற எதையாவது விடணும்.

ஜப்பான் விட்டது பைலட்டோட பாதுகாப்ப. சீனாவுல சோங்கிங் மேல குண்டு போடப்போன பாம்பருங்களுக்கு அவ்ளோ தூரம் தொணைக்கு வர ஃபைட்டர் இல்ல, 1940 செப்டம்பர்ல ஜீரோ தான் அந்த கொறைய தீத்துச்சு. இன்ஜின் ஆயிரம் குதிரை சக்தி கூட இல்ல, அதனால டிசைனர் ஹோரிகோஷி ஜிரோ எடைய கொறச்சிக்கிட்டே போனாரு, பைலட்டுக்கு கவசத்தகடு கெடையாது, குண்டு பட்டா தானா அடச்சிக்கிற டேங்கும் கெடையாது. 1942 ஏப்ரல்ல கொழும்பு மேல வந்ததும் இந்த ஜீரோதான், அதே மாசம்தான் இங்க மெட்ராஸ்ல ஜனங்க மூட்டமுடிச்சோட ஊர காலி பண்ணாங்க.

அமெரிக்கா கததான் எனக்கு ஆறவே ஆறாது. பாம்பருங்க கூட்டமா போனா தன்ன தானே காப்பாத்திக்கும்னு மேலிடம் நம்புச்சு. 1943 அக்டோபர் 14, ஜெர்மனியில ஷ்வைன்ஃபர்ட் பால்பேரிங் ஃபேக்டரிய அடிக்கப்போன 291 பி-17 (B-17) பாம்பர்ல 60 திரும்பல, ஒண்ணொண்ணுலயும் பத்து பேரு. தொணைக்கு போன பி-47 (P-47) ஃபைட்டருங்க பாதி வழியிலேயே பெட்ரோலுக்காக திரும்பிடுச்சு.

மஸ்டாங்னு ஒரு அமெரிக்க ஃபைட்டர் அப்பவே இருந்துச்சு, பிரிட்டிஷ்காரன் 1940ல ஆர்டர் குடுத்தது, பழைய அலிசன் இன்ஜின் ஒசரத்துல தெணறும், ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின மாட்டுனதும் ஆளே மாறிடுச்சு. அப்புறம் பைலட் சீட்டுக்கு பின்னாடி 85 கேலன் டேங்க் ஒண்ண வெச்சாங்க, அது ஃபுல்லா இருந்தா பிளேன் பின்பாரமாகி வளைச்சி திருப்பவே ஆபத்து, அதனால சண்டைக்கு முன்னாடியே அதுல இருக்கற பெட்ரோல எரிச்சு கொறச்சிடுவாங்க. 1944 மார்ச்ல பெர்லின் வரைக்கும் தொணைக்கு போச்சு. ரெக்கைக்கு கீழ தொங்குன டிராப் டேங்க்ல ஒரு வகை பிரிட்டன்ல காகிதத்த பசை போட்டு அழுத்தி செஞ்சது, ரொம்ப நேரம் பெட்ரோல் நின்னா ஊறிடும், ஆனா ஒரே தடவ போய் கழட்டி விட்டுட்டு வர்றதுக்கு அது போதும்.