பேனலில் 230, ஹீட்டரில் 224

வோல்டேஜை கரண்டால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் வாட். கணக்கு இவ்வளவுதான், பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் போட்டுவிடும். பிளாஸ்டிக் மோல்டிங் மெஷின்களுக்கு மின் பராமரிப்பு பார்க்கும் எங்களுக்கு வேலை அதற்கு முன்பே இருக்கிறது. அந்த இரண்டு எண்களையும் எந்த இடத்தில், எந்த நேரத்தில் எடுத்தோம் என்பதுதான் கேள்வி.

மெஷினில் பிளாஸ்டிக் உருகும் உருளைதான் பேரல். அதைச் சுற்றி பட்டை வடிவ பேண்ட் ஹீட்டர்களை இறுக்கியிருப்போம். பேரலின் ஒரு பகுதிக்கு, அதாவது ஒரு ஸோனுக்கு, மூன்று ஹீட்டர், ஒவ்வொன்றும் 230 வோல்ட்டில் 1000 வாட், மூன்றும் பக்க இணைப்பில். ஒரு ஹீட்டர் இழுப்பது 4.35 ஆம்பியர். அதன் மின்தடை சுமார் 53 ஓம். மூன்றும் சேர்ந்தால் 13 ஆம்பியர், 17.6 ஓம். ஸோன் சூடேறவில்லை என்று ஆபரேட்டர் வந்து சொன்னால் முதலில், ஒயரைக் கவ்விப் பிடித்தே கரண்டைக் காட்டும் கிளாம்ப் மீட்டரைத்தான் எடுப்பேன். 8.7 ஆம்பியர் காட்டினால் ஒரு ஹீட்டர் போய்விட்டது. 4.35 என்றால் இரண்டு. கவரைக் கழற்றும் முன்பே விஷயம் தெரிந்துவிடும். ஆனால் காண்டாக்டர் (ஹீட்டருக்கு சப்ளையை இணைக்கும் சுவிட்ச்) இழுத்திருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். செட் பண்ணிய வெப்பநிலையை நெருங்கியதும் கன்ட்ரோலர் சப்ளையை விட்டு விட்டுத்தான் கொடுக்கும்.

இது சுலபமான கேஸ். சிரமம் கொடுப்பது வேறு மாதிரி வரும். ஸோன் சூடேறுகிறது, ஆனால் மெதுவாக. கிளாம்ப் மீட்டரில் 12.7 ஆம்பியர். பேனலில் சரியாக 230 வோல்ட். வகுத்தால் 18.1 ஓம், அதாவது அரை ஓம் கூடுதல். இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஹீட்டர் தயாரிப்பிலேயே அந்த அளவு கூடுதல் குறைவு இருக்கும். ஆகவே மீட்டரை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கம் போக வேண்டியதுதான்.

லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட்டர் முனையில் வோல்டேஜ் பார்த்தால் 224. பேனலுக்கும் ஹீட்டருக்கும் நடுவே 6 வோல்ட் எங்கேயோ நின்றுவிட்டது. பீங்கான் கனெக்டரின் உள்பக்கம் ஒரு புரோப், வெளிப்பக்கம் ஒரு புரோப் வைத்தால் அந்த 6 வோல்ட் கிட்டத்தட்ட முழுசாக அங்கேயே தெரியும். 6-ஐ 12.7-ஆல் வகுத்தால் 0.47 ஓம். பெருக்கினால் 76 வாட். எலக்ட்ரானிக்ஸ் பெஞ்சில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அப்படி மூன்று அயர்னின் சூடு ஒரு ஸ்க்ரூவின் அடியில் உட்கார்ந்திருக்கிறது! மெயினை ஆஃப் செய்து கழற்றிப் பார்த்தால் ஒயர் நுனியில் உள்ள லக் (உலோக முனை) கருத்திருக்கும், ஒயரின் ஃபைபர் கிளாஸ் உறை நொறுங்கிக் கையோடு வரும். தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி ஸ்க்ரூ தளர்கிறது. தளர்ந்த இடத்தில் செம்பு ஆக்சைடு பிடிக்கிறது. அதனால் தடை ஏறுகிறது, தடை ஏற ஏறச் சூடும் ஏறுகிறது. மெஷின் நிற்கும் வரை யாருக்கும் இது தெரியாது. சில இடங்களில் தீப்பிடித்த பிறகுதான் தெரிகிறது. அதனால்தான் இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

பயிற்சிக்கு வரும் ஐ.டி.ஐ. பையன்கள் கேட்பார்கள்: "சார், சப்ளையை ஆஃப் பண்ணிட்டு ஓம் ரேஞ்சிலேயே பார்த்துடலாமே?" ஹீட்டருக்குப் பார்க்கலாம். நிக்ரோம் கம்பி சூடானாலும் அதன் தடை பெரிதாக மாறாது, குளிர்ந்த நிலையில் வரும் எண்ணும் ஏறக்குறைய அதேதான். (குண்டு பல்பில் இது செல்லாது. 100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம், அணைத்துவிட்டு அளந்தால் நாற்பது சொச்சம்.) ஆனால் தளர்ந்த கனெக்டரை ஓம் ரேஞ்சில் பிடிக்க முடியாது. மீட்டர் ஒயரின் தடையே 0.2, 0.3 ஓம் வரும். அதோடு, மீட்டர் அனுப்பும் துளி கரண்டுக்கு நல்ல முனைபோல நடிக்கிற ஜாயின்ட், 13 ஆம்பியர் ஓடும்போதுதான் தன் குணத்தைக் காட்டும். ஓடும் லோடில் அளப்பது ஆபத்தான வேலைதான். நல்ல இன்சுலேஷன் உள்ள புரோப், கையுறை, பக்கத்தில் ஒரு ஆள், இவை இல்லாமல் யாரையும் நான் அளக்க விடுவதில்லை.

அப்புறம் மோட்டார். அதே பையன்கள் ஹைட்ராலிக் பம்ப் மோட்டாரிலும் 415 வோல்ட்டை 7.5 ஆம்பியரால் வகுத்து 55 ஓம் என்று எழுதி வைப்பார்கள். அந்த 5 ஹெச்.பி. மோட்டாரின் வைண்டிங்கை மீட்டரில் பார்த்தால் சில ஓம்தான் இருக்கும். ரோட்டர் சுழலும்போது வைண்டிங்கில் எதிர் வோல்டேஜ் உண்டாகி கரண்டைப் பிடித்து வைக்கிறது. ஸ்டார்ட்டில் அது முழுசாக எழும்பாததால்தான் ஆறு மடங்கு கரண்ட் பாய்கிறது. வாட் கணக்கும் வெறும் பெருக்கலோடு முடியாது. மூன்று ஃபேஸ் மோட்டார் என்பதால் 1.732-ஐயும் சேர்த்து 1.732 × 415 × 7.5 என்று போட்டால் சுமார் 5390 வரும், ஆனால் அது வோல்ட் ஆம்பியர். அதில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் பவர் ஃபேக்டர் 0.82 என்றால் மோட்டார் உண்மையில் எடுப்பது சுமார் 4420 வாட்.

வோல்டேஜ் குறையும் நாளில் இந்த வித்தியாசம் கண்ணெதிரே தெரியும். 230 வோல்ட் 207-க்கு இறங்கினால் ஹீட்டரின் கரண்டும் கூடவே இறங்கும், பவர் 81 சதவீதமாகிவிடும். ஸோன் சூடேற நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். மோட்டாரோ அதே லோடை இழுத்தாக வேண்டும், அதனால் அது கூடுதல் கரண்ட் எடுக்கும். அன்றைக்கு நான் ஹீட்டர்களை விட்டுவிட்டு கரண்ட் அளவுக்கு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன்.